நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பாதைகள்: ஆறு ஆண்டுகள், இரண்டு ரிம்கள்

போன வாரம் என் சைக்கிளின் பின்சக்கர ரிம்மை, அதாவது டயரைத் தாங்கும் உலோக வளையத்தை, மாற்றினேன். கடைக்காரர் பழைய ரிம்மின் பக்கச் சுவர்மேல் ஓர் இரும்பு அடிமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அடிமட்டத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பிறைபோல ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. அந்த அளவுக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டியிருந்தால் டயரின் காற்றழுத்தமே ரிம்மைப் பிளந்திருக்கும் என்றார். ஆறு ஆண்டுகளில் இது இரண்டாவது ரிம்.

அதே வாரம் லண்டனில் இருக்கும் நண்பர் அழைத்தார். "பை மாட்டி நெடுந்தூரம் போகும் டூரிங் சைக்கிள் வாங்கிவிட்டேன். நீங்கள் வாய் ஓயாமல் சொல்லும் அந்த நியூ ஃபாரஸ்டுக்கு வரலாமா?" என்று கேட்டார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னது போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தென் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வசிக்கிறேன். நியூ ஃபாரஸ்ட் இதன் அருகே உள்ள பரந்த காட்டுப் பகுதி. இங்கிருந்து அந்தப் பகுதியில் உள்ள பிராக்கன்ஹர்ஸ்ட் ஊரின் நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிடம் கூட ஆகாது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து வருகிறவர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். சைக்கிளை இறக்கிப் பத்து நிமிடம் மிதித்தால் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். இந்த வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது சரளைக்கல்லைப் பற்றி.

நியூ ஃபாரஸ்டின் காட்டுப்பாதைகள் தார்ச்சாலைகள் அல்ல, சரளை பரப்பிய பாதைகள். அந்தச் சரளையில் பெரும்பகுதி ஃபிளிண்ட் எனப்படும் தீக்கல். உடைந்த தீக்கல்லின் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். டயரைக் கிழிப்பது அதன் சிறிய குற்றம். பெரிய குற்றத்தை மழை பெய்த பிறகுதான் பார்க்க முடியும். பாதையிலிருந்து தெறிக்கும் மணலும் கல்பொடியும் ரிம்மில் ஒட்டிக்கொள்கின்றன. பிரேக்கைப் பிடிக்கும்போது ரப்பர் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அவை அம்மியில் அரைபடுவதுபோல் அரைபட்டு, சாம்பல் நிற விழுதாக வழிகின்றன. அந்த விழுது வேறொன்றும் இல்லை, நம்முடைய ரிம்தான். வீட்டுக்கு வந்து பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால், கறுப்பு ரப்பருக்குள் அலுமினியத் துணுக்குகள் வெள்ளிப் பொடிபோல் மின்னும். அவற்றை ஓர் ஊக்கின் முனையால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அடுத்த சவாரியில் அந்தத் துணுக்குகளே ரிம்மைச் சுரண்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளை இந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறேன்.

இது தவிர்க்க முடியாததா என்றால், ஓரளவுக்குத்தான். பழகி இறுகிய சரளை நன்றாகவே இருக்கும். மரம் வெட்டி ஏற்றிப் போகும் லாரிகள் ஒரு பாதையைக் குழியாக்கிவிட்டால், அதன்மேல் புதுச் சரளையை ஒரு கை உயரத்துக்குக் கொட்டி, உருளையை ஒழுங்காக ஓட்டாமல் போய்விடுகிறார்கள். இருபுறமும் பை மாட்டிய சைக்கிள் அதில் ஆற்று மணலில் இறங்கியதுபோல் அலைபாயும். சென்ற பிப்ரவரியில் அப்படி ஓர் இறக்கத்தில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. பாதையைச் செப்பனிடுவது சைக்கிளையும் மனதில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்தச் சரளை இல்லையென்றால் இந்த அமைதியும் இருக்காது. இதே பாதைகளில் தார் போட்டிருந்தால் கார்கள் எப்போதோ உள்ளே வந்திருக்கும். வாயிற்கதவைத் தாண்டிக் கால் மணி நேரம் உள்ளே போனால், கேட்பதெல்லாம் நம் டயருக்கு அடியில் கல் நொறுங்கும் ஓசை மட்டும்தான். நின்றால் அதுவும் இல்லை.

அதைவிட எனக்கு வியப்பளிப்பது இந்த இடத்தின் வயது. 1079இல் முதலாம் வில்லியம் மன்னர் இதைத் தம் வேட்டை நிலமாக அறிவித்தார். 'புதுக் காடு' என்ற பெயர் ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் புதிதாகவே இருக்கிறது. ஃபாரஸ்ட் என்பது அன்று மரக்கூட்டத்தைக் குறித்த சொல் அல்ல, அரசரின் வேட்டைச் சட்டம் செல்லுபடியாகும் நிலத்தைக் குறித்தது. அதனால்தான் காடு என்று நினைத்து வருகிறவர்கள் பரந்த வெட்டவெளியைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஆகஸ்டில் அந்த வெளி முழுவதும் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதா நிறமாகிவிடும். அந்த வெளி முடியும் இடத்தில் ஓக், பீச் மரங்களின் நிழல் தொடங்கும். நைட்வுட் ஓக் என்ற முதுமரத்தின் அடி 7 மீட்டருக்கும் மேல் சுற்றளவு கொண்டது. தலையை வெட்டி மறுபடி துளிர்க்க விட்டு வளர்த்த மரம் அது. கப்பல் கட்ட நீளமான மரங்கள் தேவைப்பட்டதால் 1698இல் அப்படி வெட்டுவதற்குத் தடை போட்டார்கள். ஆகவே அந்த உருவத்தில் நிற்கும் கிழ மரங்களைக் கண்டால் அவை அந்தச் சட்டத்துக்கு மூத்தவை என்று கணக்கிடலாம். நான் அப்படி எண்ணிக்கொண்டே ஓட்டுவது வழக்கம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பழைய ரயில் பாதை. பிராக்கன்ஹர்ஸ்டுக்கு மேற்கே ஹோம்ஸ்லி நோக்கிப் போகிறது. 1847இல் திறந்து 1964இல் மூடிய தடம். ரயிலுக்காக மண்ணை மேடு செய்தும் வெட்டியும் சமன் செய்ததால் ஏற்றமே தெரியாது. பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அதைவிட நல்ல வழி இந்தக் காட்டில் இல்லை. மேட்டின்மேல் போகும்போது இருபுறமும் சதுப்பு நிலம் விரிந்து கிடக்கும். எதிரில் குதிரைகள் வந்தால் நாம்தான் நிற்க வேண்டும்.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவை திரிவதைப் பார்த்துக் காட்டுக் குதிரைகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. பரம்பரையாக வரும் மேய்ச்சல் உரிமைப்படி அவிழ்த்துவிடப்பட்டவை. அடுத்த முறை பின்னாலிருந்து கவனியுங்கள். வால்மயிர் ஒரு பக்கம் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். மேய்ச்சலுக்கான கட்டணம் கட்டியாயிற்று, குதிரை இன்ன பகுதியைச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அதை வெட்டுகிறவர்களுக்கு அஜிஸ்டர் என்று பெயர். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை குதிரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டதாகவே நினைத்திருந்தேன். இலையுதிர் காலத்தில் பன்றிகளையும் அவிழ்த்துவிடுவார்கள். பச்சை ஓக் கொட்டைகள் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் நஞ்சு. பன்றிகள் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். ஈர மண்ணில் மூக்கைப் புதைத்து அவை போடும் உறுமலைக் கேட்பதற்காகவே அக்டோபரில் விடுப்பு எடுப்பேன்.

பிராக்கன்ஹர்ஸ்டில் தவறவிடக் கூடாத ஓரிடம் புனித நிக்கோலஸ் தேவாலயம். ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஒரு சிறு மேட்டில் இருக்கிறது. முதல் உலகப் போரில் இந்த ஊரில் இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனை நடந்தது. பிறகு நியூசிலாந்து வீரர்களுக்கு அது மாறியது. தேவாலயத்தின் தோட்டச் சரிவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நியூசிலாந்துக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு மூன்று இந்தியர்களின் கல்லறைகளும் உள்ளன. ஊருக்குள் மீரட் சாலை என்று ஒரு தெருப் பெயரும் எஞ்சியிருக்கிறது. முதல் முறை அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அந்தச் சிப்பாய்கள் எங்கோ பிறந்து, பிரான்சில் குண்டடிபட்டு, இந்த ஓக் மரங்களைப் பார்த்தபடி கிடந்திருப்பார்கள். இப்போதும் அந்த வழியாகப் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பாதைகளின் சந்திகளில் வழிகாட்ட நட்டிருக்கும் மரக்கட்டைகளில் எண்கள்தான் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. வரைபடம் கையில் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குறியிட்ட பாதையைவிட்டு விலகி ஓட்டவும் அனுமதி இல்லை. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும் நிலம் என்பதால் அந்த விதி சரிதான். ஆனால் நல்ல பாதை ஒன்று திடீரென்று முடிந்து, கார்கள் சீறிப் போகும் சாலையில் நம்மைக் கொண்டுபோய் விடும்போது விதியின் நியாயம் நினைவுக்கு வருவதில்லை. வேலியில்லாத சாலைகளில் மணிக்கு 40 மைல்தான் வரம்பு. அதை மதிக்காமல் உரசிப் போகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: வராதீர்கள். உங்கள் சைக்கிள் புதிது, ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ளது. ஒரே குளிர்காலத்தில் அதன் ஆயுளில் பாதியை இந்தச் சரளை தின்றுவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தாலும் செயினும் பல்சக்கரமும் தப்பாது. நான் போட்ட இரண்டு ரிம்களின் செலவில் நல்ல சக்கரச் சோடி ஒன்றே வாங்கியிருக்கலாம். பணத்தையும் சைக்கிளையும் மதிக்கிற யாருக்கும் நான் இந்தப் பாதைகளைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். காலை ரயிலுக்கு நானே நிலையத்தில் நிற்பேன். இரண்டு சோடி பிரேக் கட்டையும், ரிம்மைக் கழுவ ஒரு புட்டித் தண்ணீரும், மறக்காமல் ஓர் ஊக்கும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். பன்றிகள் அப்போது வெளியே இருக்கும்.