டி.எல்.எட்.டா, பி.எட்.டா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நாகர்கோவில் பக்கம் பல வீடுகளில் கிளம்பும் கேள்வி இது. டி.எல்.எட். என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான டிப்ளமோ, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டே வருடம். தேரூரில் அரசின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. பி.எட். என்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டம், அதற்கு முதலில் ஒரு டிகிரி வேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து வருடம்.

வருடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டி.எல்.எட். படித்தவர் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள் எழுதி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கலாம். பி.எட். இருந்தால் அதையும் எடுக்கலாமே என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. பி.எட்.காரருக்கு டெட் இரண்டாம் தாள், அதாவது ஆறு முதல் எட்டு. அப்புறம் ஒன்பது, பத்தும் உண்டு. முதுகலையும் சேர்ந்தால் பிளஸ் டூ வரை.

டெட் பாஸ் என்றாலே அரசு வேலை என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது, இரு தரப்புக்கும்.

குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பது பிடிக்குமென்றால் டி.எல்.எட். சேருங்கள், டிகிரியை அஞ்சல் வழியில் பிறகு முடிக்கலாம். கணக்கோ இயற்பியலோ மனதில் இருந்தால் பி.எட்.தான், யோசிக்கவே வேண்டாம்.