நாஸம் அசெம்பிளர்: 6 ஆண்டுகளும் ஒரு மேற்கோள்குறியும்

எந்த அசெம்பிளரில் (அசெம்பிளி மொழி நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருளில்) கற்கத் தொடங்கலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். லினக்ஸில் 6 ஆண்டுகளாக நாஸம் பயன்படுத்தும் நான் உடனே அதன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைத் தேடி அரை மணி நேரத்தை அப்போதுதான் தொலைத்திருந்தேன்.

என் சிறு கருவியின் உதவிக் குறிப்பு 14 வரிகள் கொண்டது. வரிக்கு ஒரு டிபி (தரவைப் பைட்டுகளாக வைக்கச் சொல்லும் கட்டளை) வீதம் எல்லாவற்றையும் ஒரே நெடுக்கையில் அடுக்கியிருப்பதால், திரையில் தெரியப்போகும் வடிவமே மூலநிரலிலும் தெரியும். ஒவ்வொரு வரியின் வாலிலும் காற்புள்ளியிட்டு, புதுவரிக்கான எண்ணாகிய 10 என்று எழுதிவந்த தொல்லையைப் பேக்டிக் என்னும் சாய்ந்த குறி (`) தீர்த்துவைத்தது. அதற்குள் பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் சேர்ந்தால் புதுவரி.

எரிச்சலும் அங்கேதான். ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் நாஸத்துக்கு ஒன்றே. அவற்றுக்குள் பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் வெறும் எழுத்துகள். 9ஆம் வரியில் இரு முனைகளிலும் பேக்டிக்குக்குப் பதிலாக ஒற்றை மேற்கோள் விழுந்திருந்தது. பிழைச்செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஓடவிட்டால் நடுவே பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் அப்படியே தெரிய, 9ஆம் வரியும் 10ஆம் வரியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. என் எழுத்துருவில் இரு குறிகளும் இரட்டைப் பிள்ளைகள் என்பதால், அந்த வரியை நான்கு முறை படித்தும் கண்ணில் படவில்லை. இப்படி நடப்பது இது மூன்றாம் முறை. பின்சாய்கோட்டை அப்படியே வைக்க வேண்டிய விண்டோஸ் கோப்புப் பாதைகளுக்கு இந்த ஏற்பாடு வசதிதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீளக் கணக்கில் மட்டும் எனக்குக் குறையே இல்லை. புள்ளியில் தொடங்கும் லேபிள் (நினைவக இடத்துக்கு நாம் வைக்கும் பெயர்) தனக்கு முந்தைய முழு லேபிளோடு சேர்ந்துகொள்வதால், எல்லாச் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) நீளத்துக்கும் 'புள்ளி லென்' என்ற ஒரே பெயரைச் சூட்டி, நடப்பு முகவரியைக் குறிக்கும் $-இலிருந்து சரத்தின் லேபிளைக் கழித்தால் போதும். யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) கோப்பில் 'வணக்கம்' என்று எழுதிக் கேட்டால் 21 வருகிறது: 7 குறியீட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 3 பைட். கையால் எண்ணியிருந்தால் 5 எழுத்து என்று போட்டிருப்பேன். அந்த 5 பைட்டுக்குத் திரையில் ஒரு 'வ'வும் உடைந்த 'ண'வும் வந்திருக்கும்.

குனு அசெம்பிளரில் தொடங்குங்கள், இரட்டை மேற்கோளுக்குள்ளேயே புதுவரி கிடைத்துவிடும் என்று நண்பருக்கு நேற்று பதில் எழுதினேன். நான் எழுத்துருவை மாற்றிக்கொண்டு, நாஸத்தில் 15ஆம் வரியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.