20 அங்குல வீட்டுக் கிட்டாருக்கு எந்தக் கம்பி செட்?

வீட்டிலேயே செய்த குட்டைக் கிட்டாரில் முதன்முதலாகக் கம்பி பூட்டி ட்யூன் செய்ததும் அநேகமாக ஒரே குறைதான் வரும்: ஆறாம் கம்பி ஃபிரெட்டில் படபடவென்று அடிக்கும், கோட் பிடித்தால் சுருதி மேலே ஓடும். உடனே கழுத்தைச் சீவுவதும் பிரிட்ஜை உயர்த்துவதுமாக வேலை தொடங்கிவிடும். பெரும்பாலும் பிழை மரத்தில் இல்லை, கம்பிப் பக்கெட்டில் இருக்கிறது. கடையில் "நோர்மல் செட்" என்று எடுத்துத் தரும் 10-46 செட்டின் (முதலாம் கம்பியின் தடிப்பு 10, ஆறாம் கம்பியின் தடிப்பு 46) இழுவைக் கணக்கு 25.5 அங்குல ஸ்கேலுக்கு, அதாவது கம்பி அதிரும் நீளத்துக்கு, உரியது. ஸ்கேல் குறைந்தால் இழுவை அதன் வர்க்கமாகக் குறையும். 20 அங்குலத்தில் அதே கம்பி, அதே சுருதி என்றால் மிஞ்சுவது 62 வீதம்தான்.

ஆகவே கடைக்குப் போகமுன் அளந்துகொள்ளுங்கள். நட்டின் (தலைப் பக்கம் கம்பி தங்கும் பள்ளமிட்ட கட்டை) உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை எவ்வளவோ அதன் இரு மடங்குதான் ஸ்கேல். சாடில் (பிரிட்ஜில் கம்பி தங்கும் கட்டை) வரை அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடவே காட்டும். பிறகு ஒரு சின்னக் கணக்கு: வழமையான தடிப்பை 25.5ஆல் பெருக்கி உங்கள் ஸ்கேலால் வகுத்தால், ஈ ட்யூனிங்கில் (வழமையான ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ) அதே இறுக்கம் தரும் தடிப்பு வரும். 20 அங்குலத்துக்கு 10 ஆனது 12.75 ஆகிறது. (இந்த எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 12 என்றால் 0.30 மில்லிமீற்றர்.) கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் 20 அங்குலத்துக்கு, அதாவது 508 மில்லிமீற்றருக்கு.

10-46 நிக்கல். டடாரியோ ஈஎக்ஸ்எல்110, எர்னி போல் ரெகுலர் ஸ்லிங்கி இரண்டிலும் தடிப்புகள் ஒன்றே: 10, 13, 17, 26, 36, 46. கொழும்பில் தேடி அலையாமல் கிடைப்பதும் இந்த அளவுதான். ஈயில் வைத்தால் முதலாம் கம்பியின் இழுவை 7.3 கிலோவிலிருந்து 4.5 கிலோவாக விழுகிறது. அது வாசிக்கும் கம்பி இல்லை. ஆனால் மூன்று அரைச்சுரம் ஏற்றி ஜி, சி, எஃப், பி ஃபிளாட், டி, ஜி என்று வைத்தால் 6.4 கிலோவுக்கு ஏறி, அதே செட் நன்றாகப் பேசுகிறது. மூன்றாம் ஃபிரெட்டில் காப்போ போட்ட கிட்டார் மாதிரித்தான்: ஈ வடிவம் பிடித்தால் ஜி, ஏ வடிவம் சி, டி வடிவம் எஃப். தனியே பாடுபவருக்கு இது போதும். கோயர் கீபோர்ட்காரர் "டி" என்று தொடங்கினால்தான் கஷ்டம். அதற்குப் பி வடிவம், முழுக்க பார் கோட், ஒரு விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிப்பது.

சிலர் இன்னும் ஏற்றி ஏ வரை போகிறார்கள். 20 அங்குலத்தில் அது வேண்டாம். எஃகுக் கம்பியின் அறுபடும் சுருதி நீளத்தைப் பொறுத்தது, தடிப்பைப் பொறுத்ததில்லை. 9 போட்டால் தாங்கும் என்பது தவறான நம்பிக்கை: இழுவை குறையும் அளவுக்கே தாங்கும் பலமும் குறைகிறது. 20 அங்குலத்தில் ஏ என்பது, பெரிய கிட்டாரில் முதலாம் கம்பியை ஏறக்குறைய எஃப் வரை ஏற்றுவதற்குச் சமம். சாடிலில் சிறு பிசிறு இருந்தாலும் அங்கேயே அறும். 18 அங்குலக் கிட்டாருக்கு மட்டும் ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ சரியான இடம். அங்கே இதே 10-46 முதலாம் கம்பியில் 6.5 கிலோ தருகிறது.

12-53 பொஸ்பர் புரோன்ஸ். டடாரியோ ஈஜே16 போன்றவை: 12, 16, 24, 32, 42, 53. பெரிய அக்கூஸ்டிக்கில் இது விரலுக்குச் சற்றுக் கனம். 20 அங்குலத்திலோ ஈயில் முதலாம் கம்பி 6.5 கிலோ, ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ. பெரிய எலெக்ட்ரிக்கில் 10-46 தரும் மொத்த இழுவைக்குக் கிட்டத்தட்ட அதேதான். வழமையான ட்யூனிங், வழமையான கோட், வளைந்து கொடுக்கும் கம்பி. நாலு செட்டில் எங்கள் முதல் தெரிவு இது. மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பியாக இருப்பதும் பெரிய நன்மை: தடித்த வெறும் கம்பி ஜியில் காட்டும் சுருதிப் பிசகு இதில் மிகவும் குறைவு.

ஆனால் அப்படியே பூட்ட முடியாது. 46க்கு வெட்டிய நட் பள்ளத்தில் 53 இறுகும். ட்யூன் செய்யும்போது "டிங்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி குதித்தால் காரணம் அதுவே. பழைய 46 கம்பித் துண்டில் 400 நம்பர் சாண்ட் பேப்பரை ஒற்றையாகச் சுற்றி, தலைப் பக்கம் சற்றுச் சரியும்படி பள்ளத்தைத் தேயுங்கள். அகலம் மட்டும் வேண்டும், ஆழம் வேண்டாம். கம்பியை வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் முடியளவு இடம் தெரிய வேண்டும். முடிந்ததும் பென்சில் கரியைப் பள்ளத்தில் பூசிவிடுங்கள்.

அடுத்தது சாடில். குட்டை ஸ்கேலில் தடித்த கம்பிக்குப் பின்னோக்கிய நகர்வு கூடுதலாக வேண்டும். 508 மில்லிமீற்றர் கோட்டிலிருந்து முதலாம் கம்பிக்குச் சுமார் 2, ஆறாம் கம்பிக்குச் சுமார் 4 முதல் 5 மில்லிமீற்றர் பின்னால் வைத்துத் தொடங்குங்கள். 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்தியது உயர்ந்து நின்றால் இன்னும் பின்னால், தாழ்ந்து நின்றால் முன்னால். ஒட்டும் பிரிட்ஜ் என்றால் இதைப் பார்க்காமல் பசை பூசவே கூடாது. அவசரத்தில் ஒட்டிய பிரிட்ஜ்தான் நல்ல மரத்தில் செய்த எத்தனையோ கிட்டார்களைச் சுவரில் தொங்க வைத்திருக்கிறது.

டிரஸ் ரொட் (கழுத்துக்குள் வைக்கும் இரும்புக் கோல்) இல்லாத கழுத்து 45 கிலோவைத் தாங்குகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஆறாம் கம்பியை முதலாம் ஃபிரெட்டிலும், கழுத்து உடலைச் சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃபிரெட்டின் இடைவெளியில் 12 கம்பியின் வெட்டிய துண்டை நுழைத்துப் பார்த்தால் போதும். தொட்டுக்கொண்டு போனால் சரி. இரண்டு துண்டு சேர்த்து இலகுவாகப் போனால் கழுத்து வளைகிறது. ஒரு முழுச்சுரம் இறக்குங்கள், அல்லது 10-46 போட்டு எஃபில் நிறுத்துங்கள்.

ஒலிவாங்கி (பிக்கப்) எதுவென்பதும் முக்கியம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் வாங்கும் பியெசோ வில்லை மரத்தின் அதிர்வையே எடுப்பதால் அதற்கு எந்தக் கம்பியானாலும் ஒன்றே. காந்தப் பிக்கப் என்றால் புரோன்ஸ் சுற்று அதற்குக் கேட்காது, உள்ளே உள்ள எஃகு மட்டுமே கேட்கும். முதல் இரண்டு கம்பி கத்தும், மற்ற நாலும் அடங்கும். அதற்கு நிக்கல் சுற்றிய 12-52 ஜாஸ் செட், டடாரியோ ஈஜே21 போன்றது, மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பியாகவே இருக்கும். சொல்லி எடுப்பிக்க வேண்டிவந்தாலும் காத்திருக்கலாம்.

13-56. இறுக்கம் நன்று, ஆனால் மொத்தம் 50 கிலோவைத் தாண்டுகிறது, ஆறாம் கம்பியின் ஒலியும் மந்தமாகிறது. டிரஸ் ரொட் இருந்து, ஆறாம் கம்பியை டிக்கு இறக்கி வாசிப்பவர்களுக்கு மட்டும். 12-53இல் டிக்கு இறக்கினால் அந்தக் கம்பி ஐந்தில் ஒரு பங்கு இழுவையை இழந்து மறுபடி படபடக்கும்.

நைலோன் செட் இந்த நீளத்தில் ஈயில் சோர்ந்துவிடும். ஹார்ட் டென்ஷன் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜி அல்லது ஏக்கு ஏற்றினால் இனிமை. நைலோனுக்கு என்று மெல்லியதாகச் செய்த பிரிட்ஜில் பிறகு எஃகு பூட்டாதீர்கள், பெயர்ந்து வரும்.

எந்தச் செட்டானாலும் சுற்றுக்கம்பியை வெட்டமுன் வெட்டும் இடத்துக்கு மேலே குறடால் ஒரு மடிப்பு மடியுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே தளர்ந்து கம்பி செத்துப்போகும். வாங்கும்போது பக்கெட்டின் உள்ளுறை காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். டடாரியோ என்றால் முனைக் குண்டுகளின் நிறம் முதலாம் கம்பியிலிருந்து வெள்ளி, ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, பித்தளை என்று வரும். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று சீக்கிரம் கம்பியைத் தின்றுவிடும். எலிக்ஸர் போன்ற பூச்சுக் கம்பிக்கு விலை கூடத்தான், அங்கே அது பெறுமதி. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். தனிக்கம்பி விற்கும் கடையென்றால் 12 ஒன்றும் 16 ஒன்றும் கூட வாங்கி வையுங்கள். துருப்பிடிப்பதிலும் அறுவதிலும் அவை இரண்டும்தான் முந்தும்.