கல்யாணப் பந்தல் பேக்கேஜ், முன்னாள் ராணுவத்தினர் விழாவுக்குத் தாங்குமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து போகும் வாடகைக் கடை ஒன்று கூடாரம், நாற்காலி, மைக் செட், பேனர், சாப்பாடு, மாலை, பொன்னாடை எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகத் தருகிறது. கல்யாணம், காதுகுத்து என்றால் குறை சொல்ல இடமில்லை. சித்திரையில் நடத்தும் முன்னாள் ராணுவத்தினர் பாராட்டு விழாவுக்கு அதை அப்படியே எடுத்தால் நாலு இடத்தில் இடறும்.

1963 முதல் 1966 வரை, மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா மோதிய காலத்தில், சீருடை போட்டவர்கள் இன்று எண்பதை ஒட்டியவர்கள். இந்த வட்டாரத்தில் 1948 ஜூன் 16-இல் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் காவலர்கள் யாராவது வந்தால் இன்னும் மூத்தவர்கள். கடையின் கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து இவர்களால் ஊன்றி எழ முடியாது. முன் இரண்டு வரிசைக்குக் கைப்பிடி நாற்காலி வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். ஸ்டோரில் இருக்கிறது, கேட்காமல் வராது.

20-க்கு 20 அடிக் கூடாரங்கள் உறுதியானவை. ஆனால் இரண்டைச் சேர்த்துப் போடும்போது நடுவில் மழைநீர்த் தகரம் கட்டுவதில்லை. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழக்கமானது; பெய்தால் நடு வரிசை நனையும். தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது என்பதால், காலுக்குக் கால் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் கட்டச் சொல்லுங்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் முடிப்பதே நல்லது. மேடையைக் கிழக்கில் போட்டால் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் வெயிலைப் பார்த்துக் கண் கூசிக்கொண்டிருப்பார்கள்.

ஒலி அமைப்புதான் இந்தக் கடையின் பலவீனம். சாதனம் நல்லது, கையாளும் பையனுக்கு நிகழ்ச்சி தெரியாது. மறைந்த வீரர்களுக்காக ஊதும் லாஸ்ட் போஸ்ட், ஒரு நிமிட மௌனம், பிறகு எழுச்சி ஊதல் என்பது வரிசை. ஊதல் இரண்டும் ஒரே ஃபைலில் இருந்தால் மௌனமே இல்லாமல் ஓடிவிடும். இரண்டு ஃபைலாகப் பிரித்து பென்டிரைவில் கொடுங்கள். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகப் போட்டால், எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போது வாட்ஸ்அப் மணி ஸ்பீக்கரில் அடிக்கும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் கீச்சிடும். காது மந்தமானவர்களுக்காக முழு செட்டையும் அலறவிடாமல், நடுவில் இன்னொரு ஜோடி வைத்தால் போதும்.

பேனரில் பெயர்கள் சிதைகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழை டிசைன் செய்பவர் அப்படியே ஒட்ட, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பெயர்ப்பட்டியலைப் படமாகவே அனுப்பி, அச்சுக்கு முன் மாதிரி பார்த்து, மறைந்தவர்களின் பெயரை வீட்டாரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

சாப்பாடு சுத்தம், நேரத்துக்கு வந்துவிடும். தேநீரில் பாதியைச் சர்க்கரை இல்லாமல் கேளுங்கள்.

மாலையும் பொன்னாடையும் பேக்கேஜில் அடக்கம்; இங்கேதான் கல்யாணப் பழக்கம் உதவாது. பதக்கம் இடது மார்பில் இருக்கும். பொன்னாடை போர்த்தினால் அது மறையும். சரிகை நூல் பதக்க ஊசியில் மாட்டி, எடுக்கும்போது சட்டையே கிழியும். பொன்னாடையை மடித்துக் கையில் கொடுங்கள், மாலை போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். இறந்தவரின் பதக்கத்தைப் பிள்ளைகள் அணிந்து வந்தால் வலது மார்பில் குத்துவது காமன்வெல்த் நாடுகளின் வழக்கம். வரவேற்பில் நிற்பவர் அதைத் தவறென்று நினைத்து மாற்றிக் குத்தக் கூடாது.

சித்திரையில் கோயில் திருவிழா, கல்யாணம் இரண்டுக்கும் இதே கூடாரங்கள்தான். நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பும் ஏப்ரலில் விழும் ஆண்டென்றால் இரண்டு மாதம் முன்னாலேயே முன்பணம் கட்டிவிடுங்கள். ரசீதில் கைப்பிடி நாற்காலி எத்தனை, மழைநீர்த் தகரம் உண்டா என்பதை எழுதி வாங்காமல் வர வேண்டாம்.