குட்டை மரமா, நடுத்தர மரமா, பெருமரமா? ஆப்பிள் வேர்ச்செடிகள் – ஓர் ஒப்பீட்டு அலசல்

வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் வைக்க விரும்புவோர் பெரும்பாலும் பழத்தின் பெயரைச் சொல்லித்தான் கன்று கேட்கிறார்கள். அந்தப் பழத்தைத் தரப்போகும் கிளை எந்த வேரின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனையாவது ஆண்டில் காய்க்கத் தொடங்கும், பலத்த காற்றுக்குச் சாயாமல் நிற்குமா, மண்ணில் நீர் தேங்கினால் பிழைக்குமா, வறட்சியைத் தாங்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. பழ வகை பிடிக்காமல் போனால் அதே மரத்தில் வேறொரு வகையை ஒட்டிக்கொள்ளலாம். வளர்ந்துவிட்ட மரத்தின் வேரை மாற்றுவது வீட்டில் ஆகிற காரியம் அல்ல. ஆகவே கன்று வாங்கும் முன் வேர்ச்செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து.

ஆப்பிள் விதையை ஊன்றி வளர்த்தால் தாய் மரத்தின் பழம் கிடைப்பதில்லை. ஆப்பிள் பூ தன் வகையின் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. வேறொரு வகையின் மகரந்தத்தால் உருவாகும் விதை ஒவ்வொன்றும் தனிப் பிறவி. அதனால்தான் விரும்பிய வகையின் குச்சியை இன்னொரு செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுகிறார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி. மேலே வளர்ந்து காய்ப்பது ஒட்டுக்குச்சி. மரத்தைக் குட்டையாக வைக்கும் வேர்ச்செடிகளை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தபோதிலும், ஒரே பெயரில் பல செடிகளும் ஒரே செடிக்குப் பல பெயர்களுமாகக் குழப்பமே நிலவியது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1913இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மால்லிங் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் அவற்றைத் திரட்டி, இனம் பிரித்து, எண் கொடுத்தார். இன்றும் கன்றுகளின் சீட்டில் காணப்படும் ‘எம்’ வரிசை அங்கிருந்து வந்தது. அந்த எண்கள் உயரத்தைக் குறிப்பவை அல்ல. எம் 27இல் ஒட்டிய மரம் எம் 9இல் ஒட்டியதை விடச் சிறியது. பின்னர் ஜான் இன்னஸ் என்ற தாவர ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து, கம்பளி அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சியை எதிர்க்கும் ‘நார்தர்ன் ஸ்பை’ வகையைப் பெற்றோராகக் கொண்டு உருவாக்கப்பட்டு, 1952இல் வெளிவந்தது ‘எம்எம்’ வரிசை. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கிய முயற்சியின் பயன் ‘ஜி’ வரிசை.

எம் 9: விரைவில் காய்க்கும், ஆனால் விட்டுவிட்டுப் போக முடியாது

சிறிய தோட்டம் என்றதும் எல்லோரும் முதலில் பரிந்துரைப்பது குட்டை மரத்தைத்தான். எம் 9இல் ஒட்டிய மரம் சுமார் 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. நட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்குகிறது. பழமும் பெரியதாக வருகிறது. ஏணி இல்லாமலேயே கவாத்துச் செய்யவும், வலை போடவும், நோயுற்ற இலையைக் கிள்ளி எறியவும் முடிகிறது. மரம் சிறியதாக இருப்பதால் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து, மழைக்குப்பின் இலைகள் விரைவில் உலர்கின்றன. ஈரம் நீடிக்கும் இலையில் முளைவிடும் சொறி நோய்ப் பூஞ்சைக்கு இது பெரும் தடை. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை குட்டை மரத்தின் மிகப் பெரிய வலிமை இதுவே.

ஆனால் மரம் சிறியது என்பதால் வேலையும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. எம் 9இன் வேர்கள் குறைவானவை, மேலாகப் படர்பவை, எளிதில் ஒடியக்கூடியவை. காய்ப்பாரத்துடன் காற்று வீசினால் மரம் அடியோடு சாயும். ஆகையால் அதற்கு ஆயுள் முழுவதும் ஓர் உறுதியான ஊன்றுகோல் தேவை. அடிமரத்தைச் சுற்றிப் புல் வளரவிட்டால் நீருக்கும் சத்துக்குமான போட்டியில் தோற்பது மரம்தான்; ஒரு மீட்டர் விட்டத்துக்காவது களையின்றி மூடாக்குப் போட்டு வைக்க வேண்டும். கோடையில் தொடர்ந்து நீர் பாய்ச்ச வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் தோன்றும் பிஞ்சுகளைப் பெரும்பாலும் கிள்ளிவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மரம் தன் வலுவையெல்லாம் பழத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப்பின் வளராமல் குன்றி நின்றுவிடும். எம் 27இல் இந்தத் தொல்லைகள் இன்னும் கூடுதல். வளமான மண்ணும் அன்றாடக் கவனிப்பும் இல்லாத இடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நோய்களில் எம் 9 ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. மண்ணிலுள்ள பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் அடிமரத்தின் பட்டை அழுகும் கழுத்தழுகலை அது நன்றாகவே எதிர்க்கிறது. கம்பளி அசுவினிக்கும் தீக்கருகல் நோய்க்கும் எளிதில் இரையாகிறது. தீக்கருகலின் பாக்டீரியா பூக்கள் வழியே நுழைகிறது. தாக்கப்பட்ட தளிரின் நுனி கருகி, கைத்தடியின் பிடி போல வளைந்து தொங்கும். மேலேயுள்ள பழ வகை அதைத் தாங்கிக்கொண்டாலும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் பாக்டீரியா தண்டுக்குள் இறங்கி வேர்ச்செடியை அடைந்து, அங்கே பட்டையைச் சுற்றிவர அழித்துவிடக்கூடும். கிளைகள் நலமாக இருக்க, மரம் முழுவதும் ஒரே பருவத்தில் பட்டுப்போவதற்கு இதுவே காரணம். எம் 9ஐ விடச் சற்றுப் பெரிய மரம் தரும் எம் 26க்கும் இதே கதிதான். தீக்கருகல் உள்ள பகுதிகளில் இவ்விரண்டையும் நடுவது தெரிந்தே ஏற்கும் அபாயம்.

எம்எம் 106, எம்எம் 111: இரட்டையர் போலத் தோன்றினாலும் குணம் வேறு

நடுத்தர மரங்களில் நெடுங்காலமாக அதிகம் நடப்பட்டு வந்தது எம்எம் 106. மண்ணையும் பழ வகையையும் பொறுத்துச் சுமார் 3.5 முதல் 5 மீட்டர் வரை உயரும். மூன்றாம், நான்காம் ஆண்டில் காய்க்கும். முதல் சில ஆண்டுகளுக்குப்பின் ஊன்றுகோல் இல்லாமல் நிற்கும். எம்எம் 111 அதைவிடச் சற்று உயரமானது. காய்ப்புக்கு வரவும் இன்னும் ஓரிரு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இரண்டும் நார்தர்ன் ஸ்பையின் வழிவந்தவை என்பதால் கம்பளி அசுவினி இவற்றின் வேரில் எளிதில் குடியேறுவதில்லை. அந்தப் பூச்சியின் சேதத்தைப் பார்த்தவர்களுக்கே இதன் அருமை தெரியும். கவாத்துச் செய்த வடுவின் ஓரத்தில் வெண்பஞ்சு ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். விரலால் நசுக்கினால் செம்பழுப்புக் கறை படியும். கிளையில் இருக்கும் பூச்சியைத் தேய்த்து அழித்துவிடலாம். வேரில் குடியேறிய கூட்டத்தை எட்ட முடியாது. அங்கே அது சாற்றை உறிஞ்சி, முடிச்சு முடிச்சாகக் கட்டிகளை உண்டாக்கி, மரத்தை ஆண்டுக்கணக்கில் மெலியவைக்கும்.

காய்ப்புக்கு விரைவில் வருவதை மட்டும் பார்த்தால் எம்எம் 106தான் சிறந்தது என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் கழுத்தழுகலில் எம்எம் 106 மிகவும் பலவீனமானது. களிமண்ணில் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் அதை நட்டால், ஆண்டுகள் பல நன்றாக வளர்ந்து காய்த்த மரமும் திடீரென்று நலிவு காட்டும். மற்ற மரங்கள் பச்சையாக இருக்கும்போதே அதன் இலைகள் சிறுத்து, வெளிறி, பருவத்துக்கு முன்பே செந்நிறம் கொள்ளும். அடிமரத்தின் மண்ணை விலக்கி, தரைமட்டத்துக்குக் கீழே பட்டையைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டினால், வெளிர்பச்சையாகவும் வெண்மையாகவும் இருக்க வேண்டிய உட்பட்டை செம்பழுப்பாக மாறி, நலமான திசுவிலிருந்து தெளிவான எல்லைக்கோட்டுடன் பிரிந்து தெரியும். அழுகல் தண்டைச் சுற்றி வந்துவிட்டால் மீட்பு இல்லை. அதே மண்ணில் எம்எம் 111 முழுவதும் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்நோயை அது தெளிவாகவே கூடுதலாகத் தாங்குகிறது. வறட்சியையும் மற்றதைவிட நன்கு பொறுத்துக்கொள்கிறது. மண்ணின் தன்மை தெரியாத ஒருவர் ஒரே ஒரு மரம் வைக்கப்போகிறார் என்றால், ஓரிரு ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருந்தாலும் பரவாயில்லை, எம்எம் 111ஐ நடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உயரத்தைக் கோடைக் கவாத்தால் அடக்கிக்கொள்ளலாம்: குளிர்காலத்தில் வெட்டினால் கிளைகள் வேகமாகத் துளிர்க்கும், கோடையின் பிற்பகுதியில் வெட்டினால் வளர்ச்சி மட்டுப்படும்.

எம்எம் 111இன் குறை அதன் தண்டில் தோன்றும் வேர் முடிச்சுகள். ஒட்டுக்குக் கீழே, மண்ணுக்கு மேலே தெரியும் பகுதியில் கரடுமுரடாகக் கொத்துக் கொத்தாகப் புடைப்புகள் எழும். அவை வெளிவராத வேர்களின் முளைகள். அவற்றின் இடுக்குகளில் தண்டு துளைப்பான்கள் எளிதில் புகுகின்றன. எம்எம் 106இலும் எம் 26இலும்கூட இது உண்டு. ஒட்டு இடத்தை மண்ணுக்கு மிக மேலே விடாமல் நட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

பெருமரம்

விதையில் வளர்த்த வேர்ச்செடியின் மேல் நிற்கும் மரமும், எம் 25 போன்ற வீரிய வேர்ச்செடியின் மரமும் 6 மீட்டரைத் தாண்டும். ஆழ வேரோடும், மெலிந்த மண்ணிலும் பிழைக்கும், தலைமுறை கடந்து நிற்கும். காய்ப்புக்கு ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகலாம். உச்சியில் தோன்றும் நோயைக் கண்ணால் பார்ப்பதே கடினம். பரந்த புல்வெளியில் நிழலுக்கும் சேர்த்து ஒரு மரம் வேண்டும் என்பவர்களுக்கே இது பொருந்தும்.

ஜி வரிசை

ஜெனீவாவில் உருவானவை மேற்சொன்ன பலவீனங்களைக் குறிவைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. தீக்கருகலையும் கழுத்தழுகலையும் இந்த வரிசையின் பெரும்பாலானவை எதிர்க்கின்றன. ஜி 41, ஜி 890, ஜி 969 போன்றவை கம்பளி அசுவினியையும் எதிர்க்கின்றன. ஜி 935 போன்ற சில அந்தப் பூச்சிக்கு இடம் கொடுத்துவிடும். பழைய ஆப்பிள் மரம் பட்டுப்போன அதே குழியில் புதியது வைத்தால் மறுநடவுக் கோளாறால் கன்று வளராமல் திணறும். அத்தகைய இடத்தில் எம் 9ஐ விட ஜி 41 சிறப்பாக வளர்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு இவற்றுள் என் முதல் தேர்வு ஜி 890 அல்லது ஜி 969. நடுத்தர உயரம், தானே நிற்கும் வலு, நோய் எதிர்ப்பு ஆகிய மூன்றும் அவற்றில் சேர்ந்து கிடைக்கின்றன.

எச்சரிக்கைகளும் உண்டு. ஜி 41இல் ஒட்டு இடம் சில பழ வகைகளோடு உறுதியாகச் சேராமல், காற்றில் அந்த இடத்திலேயே முறிந்துவிடுவதுண்டு, ஊன்றுகோல் கட்டாயம். ஜி 16, ஒட்டுக்குச்சியில் மறைந்திருக்கும் வைரஸ்களுக்கு மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும். தோட்டத்து மரம் ஒன்றில் வெட்டிய குச்சியை அதில் ஒட்டினால் கன்று இறந்துபோக வாய்ப்புண்டு. வைரஸ் இல்லை என்று சான்றளிக்கப்பட்ட குச்சியை மட்டுமே அதற்குப் பயன்படுத்த வேண்டும். இந்த வரிசைக் கன்றுகள் எல்லா நாற்றுப் பண்ணைகளிலும் கிடைப்பதும் இல்லை.

வேர்ச்செடி தீர்மானிக்காதவை

சொறி நோயும் சாம்பல் நோயும் இலையிலும் பழத்திலும் வருபவை. அவற்றை எதிர்க்கும் திறன் மேலேயுள்ள வகையைப் பொறுத்தது. ‘லிபர்ட்டி’, ‘என்டர்பிரைஸ்’ போன்ற வகைகளுக்குச் சொறியை எதிர்க்கும் மரபணு ‘மாலஸ் ஃப்ளோரிபண்டா’ என்ற காட்டினத்திலிருந்து வந்தது. அதை வெல்லும் பூஞ்சை இனங்களும் தோன்றியிருக்கின்றன. ஆகவே எதிர்ப்புள்ள வகையை வைத்திருந்தாலும் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றுவதை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது அந்த இலைகளில்தான். குளிர் தேவையும், அதாவது பூத்துக் காய்க்க மரத்துக்கு வேண்டிய குளிர்காலக் குளிரின் அளவும், முதன்மையாகப் பழ வகையைச் சார்ந்ததே: குளிர் குறைந்த இடங்களில் ‘அன்னா’, ‘டார்செட் கோல்டன்’ போன்றவையே பலன் தரும், வேர்ச்செடியை மாற்றி அதை ஈடுகட்ட முடியாது.

நடும் ஆழத்தில் எல்லா வேர்ச்செடிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: தண்டில் லேசான வளைவாகவும் புடைப்பாகவும் தெரியும் ஒட்டு இடம் மண்ணுக்கு மேல் நிற்க வேண்டும். எம் 9இல் சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை மேலே விடலாம். அது மண்ணுக்குள் புதைந்தால் மேல்பகுதி தானே வேர்விட்டு, குட்டை மரம் என்று வாங்கியது சில ஆண்டுகளில் பெருமரமாகத் தலைதூக்கிவிடும். வேர் முடிச்சு வரும் எம்எம் 111க்கு 5 சென்டிமீட்டர் அளவே போதும். நட்டபின் குழி மண் அமுங்கும் என்பதால், முதல் மழைக்குப்பின் ஒருமுறை பார்த்து, ஒட்டு தாழ்ந்திருந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணை விலக்கிவிட வேண்டும். மூடாக்கையும் தண்டோடு ஒட்டாமல் ஒரு கையகலம் தள்ளியே போட வேண்டும்.