கேமரா சென்சார் தூசியைத் துடைக்கக் கொடுத்தேன், 42,300 ரூபாய்க்கு வேட்டு வைத்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "விடு, போய்த் தொலையட்டும்" என்று எனக்கே தோன்றிவிடும். மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எடுக்கிற போட்டோகிராபர்கள் கடைசிவரை படியுங்கள். 42,300 ரூபாய். கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து இன்று காலை வந்த எஸ்டிமேட் இது.

பொங்கலுக்குப் பாலமேடும் அலங்காநல்லூரும் எடுத்தேன். வாடிவாசல் புழுதியைப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது மிரர்லெஸ் பாடி, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா. லென்ஸைக் கழற்றினால் படம் பதிகிற சென்சார் அப்படியே வெளியே தெரியும். அடுத்து வந்த தை முகூர்த்த ஜோடியை வைகை அணையில் வைத்து எடுத்தபோது வானத்தில் சாம்பல் நிற வட்டங்கள். லென்ஸ் துளை அகலமாகத் திறந்திருக்கிற எஃப் 2.8-ல் ஒன்றும் தெரியாது. எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சுருக்கச் சுருக்கக் கறுத்துக்கொண்டு வரும். சென்சார் தூசிக்கு அதுதான் அடையாளம். காற்றூதும் ரப்பர் புளோயர் அடித்ததில் பாதி போனது, மீதி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை ஸ்வாபும் (துடைக்கிற தட்டைக் குச்சி) திரவமும் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். கேமரா, ஃபிளாஷ், டிரோன் எல்லாம் பழுது பார்க்கிற ஒரு மாடிக்கடை. ஆன்லைனில் அள்ளி அள்ளி ஐந்து நட்சத்திரம்.

கவுன்டரில் இருந்த பையன் பேசிய பேச்சைச் சொல்லியே ஆக வேண்டும். "அண்ணே, சென்சார்ல கையே படாதுண்ணே. மேல ஒரு ஃபில்டர் கண்ணாடி இருக்கும், தூசி அதுலதான் உக்காரும், நாங்க அதத்தான் தொடைப்போம்." முழுக்க உண்மை. "ஃபுல் ஃபிரேமா, கிராப்பாண்ணே? ஃபுல் ஃபிரேம்னா 24 மில்லிமீட்டர் ஸ்வாப், கிராப்புக்கு 16." ஃபுல் ஃபிரேம் என்றால் பெரிய சென்சார், கிராப் என்றால் சின்னது. அதுவும் சரி. சீல் பிரிக்காத ஸ்வாப் உறையை எடுத்து என் கையிலேயே கொடுத்தான். இவ்வளவு தெரிந்தவனிடம் எப்படி ஐயா சந்தேகம் வரும்? 1,200 ரூபாயை ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் மாடல் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

கேமரா திரைக்குப் பின்னால் போனது. ஆள் நின்றால் தூசி வருமாம், வெளியே உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் "சூப்பரா வந்திருக்குண்ணே" என்று மாஸ்டரே வந்து ஸ்கிரீனில் ஒரு படத்தைக் காட்டினார். பளிச்சென்றுதான் இருந்தது. கவுன்டர் மேல் அந்த ஸ்வாப் உறை சீல் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

வீட்டில் வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் இல்லை, கோடுகள்! நடுவிலிருந்து வலது ஓரம் வரை வில் மாதிரி வளைந்து மூன்று கோடுகள், எல்லாப் படத்திலும் அதே இடத்தில். மாஸ்டர் காட்டிய படமும் கார்டிலேயே இருந்தது. எந்தத் துளையில் எடுத்திருக்கிறார் என்று பார்த்தேன். எஃப் 4! எஃப் 4-ல் எடுத்தால் புழுதியில் புரண்டு வந்த சென்சாரும் சுத்தமாகத்தான் தெரியும்.

போன் செய்தேன். "லென்ஸை மாத்திப் பாருங்கண்ணே." மாற்றினேன், அதே கோடு. "படத்தை வாட்ஸ்அப்ல போடுங்க." போட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் மாஸ்டர் காரைக்குடி போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள். திங்கட்கிழமை மாஸ்டர் இருந்தார், பேச்சுதான் மாறியிருந்தது. "வரும்போதே கோடு இருந்துச்சுங்க." வருவதற்கு முன்னால் எடுத்த படங்களை லேப்டாப்பில் வரிசையாகத் திறந்து காட்டினேன். வட்டப் புள்ளிகள்தான், ஒரு கோடுகூட இல்லை. அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாரே ஒரு வார்த்தை: "சென்சார் நல்லாத்தான இருக்கு, மேல கண்ணாடிதான போச்சு." அன்றைக்கு எந்தக் கண்ணாடியைச் சொல்லி என் பயத்தைத் தெளிவித்தார்களோ, அதே கண்ணாடி!

சர்வீஸ் சென்டரில் விளக்கினார்கள். மணல் துகளை ஊதித் தள்ளாமல் காய்ந்த துணியிலோ பஞ்சிலோ அழுத்தி இழுத்திருக்கிறார்கள், கண்ணாடியின் மேல்பூச்சு கீறிவிட்டது. அந்தக் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றித் தர மாட்டார்களாம், சென்சார் யூனிட்டாகத்தான் மாற்ற வேண்டுமாம். 42,300. அதைக் கடையில் போய்ச் சொன்னதற்கு, "1,200 ரூபா வேலைக்கு நாப்பதாயிரம் கேட்டா எப்படிங்க?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்கிறார். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். கொடுப்பதற்கு முன் கடையிலேயே, அவர்கள் கண்ணெதிரில் எஃப் 16-ல் ஒரு வெள்ளைச் சுவர் எடுங்கள். வாங்கும்போதும் அதே எஃப் 16, நீங்களே எடுங்கள், அவர்கள் காட்டுகிற படம் வேண்டாம். திரைக்குப் பின்னால் கொண்டுபோகிற கடையில் கொடுக்காதீர்கள். பில் கேளுங்கள், பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நானும் போகத்தான் போகிறேன். ஸ்ப்ரே கேன் காற்றை மட்டும் வீட்டில் அடித்துவிடாதீர்கள், உள்ளே இருக்கிற திரவம் சென்சாரில் தெறிக்கும்.

வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் முகூர்த்தம் இருக்கிறது, கையில் கேமரா இல்லை. மதுரையில் யாரிடமாவது வாடகைக்கு ஃபுல் ஃபிரேம் பாடி இருந்தால் இன்றே சொல்லுங்கள்.