லென்சுக்குப் பிகே7 கண்ணாடியா, உருகிய சிலிக்காவா?

சிங்கப்பூரில் 24 பாகை குளிரூட்டிய அறையில் குவியம் சரிசெய்த கருவியை 32 பாகை வெளிவெப்பத்துக்குக் கொண்டுவந்தால், லென்சின் மேல் படியும் நீராவி சற்று நேரத்தில் மறைந்துவிடும். கண்ணாடிக்குள் ஏற்படும் மாற்றம் அந்த வெப்பம் நீடிக்கும்வரை மறையாது. லென்சுகளில் பரவலாகப் பயன்படும் பிகே7 கண்ணாடியிலும், தூய சிலிக்கன் டைஆக்சைடால் ஆன கண்ணாடியான உருகிய சிலிக்காவிலும் அந்த மாற்றம் ஒன்றுபோல் இல்லை.

ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு): ஒரு பாகைக்கு பிகே7-இல் ஏறத்தாழ 0.000003 கூடுகிறது, உருகிய சிலிக்காவில் 0.00001.

விரிவு: பிகே7 பாகைக்குப் பத்து லட்சத்தில் 7 பங்கு, சிலிக்கா அதே பத்து லட்சத்தில் அரைப் பங்குதான்.

குறைவாக விரிவதே நிலையானது என்று பலர் எண்ணுவது இங்கேதான் பிழைக்கிறது. பிகே7 விரியும்போது நீளும் குவியதூரத்தை, கூடும் ஒளிவிலகல் எண் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. ஏறத்தாழ விரிவே இல்லாத சிலிக்காவில் அந்த ஈடு கிடையாது. எனவே 500 மில்லிமீட்டர் லென்சில், எட்டுப் பாகைக்கு, பிகே7-இன் குவியம் சுமார் 0.005 மில்லிமீட்டரே நகர, சிலிக்காவினது 0.08 மில்லிமீட்டருக்கு மேல் குறுகுகிறது. லென்சைத் தாங்கும் அலுமினியக் குழாயோ அதே வெப்பத்தில் 0.09 மில்லிமீட்டர் அளவு நீள்வதால் சிலிக்காவின் பிழை இரட்டிப்பாகும்.

விலை: பிகே7 மலிவு.

திடீர் வெப்ப அதிர்ச்சியும் புற ஊதாக் கதிரும் உள்ள பணிக்குச் சிலிக்காவே பொருந்தும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் படமெடுக்கும் லென்சுக்கு, நான் தயங்காமல் பிகே7-ஐயே தேர்ந்தெடுப்பேன்.